சிவப்பு ஒட்டிய இருபத்திரண்டு புத்தகங்கள்

ஜூன் 4, ஞாயிறு

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்பில் வளர்மதி என்ற பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பைக்குள் இருந்த நாவல் ஒன்றைப் பிடுங்கி இழுப்பறையில் பூட்டியிருந்தேன். பதினான்கு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஒரு பெண்ணின் கதை. "இதெல்லாம் படிக்கிற வயசு இல்ல உனக்கு" என்றேன். அவள் உட்காராமல் கேட்டாள்: "படிக்க வயசு பத்தலன்னா, அதுல இருக்கிறது எனக்கு நடக்கிறதுக்கு மட்டும் வயசு பத்துமா டீச்சர்?" வகுப்பு சிரித்தது. வாய் அதிகம் என்று வெளியே நிற்கவைத்தேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை, கல்யாணம் ஆகிவிட்டதாம். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நீளமாக ஒரு கோடு இழுத்தேன்.

இன்று மில்லிலிருந்து திரும்பியதிலிருந்து அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு, திண்டுக்கல்லிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதிக்கு ஞாயிறும் புதனும் போகிறேன். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில் அறுபது புத்தகங்கள். நான்தான் நூலகர். இன்று மில்லின் எச்.ஆர். அதிகாரி சேகரன் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டிலும் மை இருக்காது.

"மேடம், சினிமாவுக்கு யு, ஏ போடறாங்கல்ல. அது மாதிரி நம்ம புத்தகங்களுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒட்டிடலாம். கிராமத்துலேர்ந்து நம்மள நம்பிப் புள்ளைங்கள அனுப்புறாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைகளாம். பதினெட்டு முடிந்தால்தான் வேலைக்கே எடுக்கிறார்கள். ஓட்டுப் போட வயது உண்டு. எட்டு மணி நேரம் நின்று, அறுந்த நூலை ஓடுகிற மெஷினில் பிணைக்க வயது உண்டு. கதை படிக்க மட்டும் இல்லையா? இதை அவரிடம் சொல்லவில்லை. முடியாது என்றால் அறையைப் பூட்டிவிடுவார் என்று பயம்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். ஒவ்வொரு புத்தகத்தையும் நானே முழுதாகப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவேன். உள்ளே முதல் பக்கத்தில், என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவேன். அவருக்கு ஓர் உதாரணமும் சொன்னேன். பஸ்ஸில் பலகை மாட்டுகிறோம். வண்டி எங்கே போகிறது என்று அது சொல்லும். யார் ஏறக்கூடாது என்று சொல்லாது. "சூப்பர் மேடம்" என்றார், போனைப் பார்த்தபடியே.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

இந்த வாரம் முப்பத்தொன்று முடித்தேன். பாதி முன்பே படித்தவைதான். வார்டன் கற்பகம் உதவிக்கு வந்தார். அவருக்குப் படிக்க நேரமில்லை, அட்டையைப் பார்த்தே ஒட்டிவிடலாம் என்கிறார்.

"ஒரு ஆம்பள ஒரு பொம்பள ஒண்ணா நின்னா செவப்புதான டீச்சர்?"

"அது சமையல் புத்தகம்மா. அவர் குழம்பு ருசி பார்க்கிறார்."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ கிட்ட நிக்கிறான்?"

எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பச்சை ஒட்டினேன்.

அறைக்குள் வந்த பெண்கள் நேராகக் கேட்டது ஒன்றுதான். தவமணி எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டாள். "டீச்சர், செவப்பெல்லாம் எந்த அலமாரி? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க, ஷிஃப்டுக்கு நேரமாகுது." கமுதிப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேம் பிரிவில் வேலை. எவ்வளவு சீவினாலும் தலையில் பஞ்சு இருக்கும்.

ஜூன் 14, புதன்

இன்று ஒன்பது புத்தகம். முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

ஒட்டி முடித்தாயிற்று. சிவப்பு இருபத்திரண்டு.

உள்ளே எழுதிய ஒரு வரிக்கு இன்றே பலன் கிடைத்தது. லீலாவதி என்ற பெண்ணின் தம்பி போன வருடம் லாரி மோதி இறந்தவன். அவள் ஒரு தொடர்கதையை எடுத்துத் திறந்து, "இதில் சாலை விபத்தில் ஒரு சாவு உண்டு" என்ற என் வரியைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர். எழுதி வச்சது நல்லதாப் போச்சு." சொல்ல வேண்டியதை முன்கூட்டிச் சொல்வது தவறில்லை. மருந்துப் புட்டியில் சீட்டு இல்லையென்றால் யார் குடிப்பது?

பழைய பதிவேடு கிழிந்து தொங்கியதால் புதிதாக ஒன்று கோடு போட்டேன். தேதி, பெயர், டோக்கன் நம்பர், புத்தகம், நிறம், திருப்பிய நாள். நிறத்துக்கான கட்டத்தில் அந்தந்த வண்ணப் பென்சிலாலேயே புள்ளி வைத்தேன். முப்பத்துநான்கு வருடப் பழக்கம். பதிவேடு அழகாக இருந்தால்தான் எனக்கு வேலை முடிந்தது போலிருக்கும். கற்பகம் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, ஒரு பார்வையிலயே எல்லாம் தெரியுதே" என்றார். மகிழ்ச்சியாக இருந்தது.

தவமணி ஒரு சிவப்புப் புத்தகம் எடுத்தாள். மூன்றாவது முறை. தாய்மாமனைக் கட்ட மறுத்து, நர்ஸ் படிப்புக்கு ஈரோட்டுக்குப் பஸ் ஏறும் கனகு என்ற பெண்ணின் கதை. "வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு பெண் கிளம்பிப்போவது உண்டு" என்று உள்ளே எழுதி, சிவப்பு ஒட்டியிருந்தேன். மஞ்சளா சிவப்பா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். எச்.ஆர். கேள்வி கேட்பாரே என்றுதான் சிவப்பு.

"திரும்பத் திரும்ப அதையே படிக்கிறியே, மனப்பாடம் பண்ணப் போறியா?"

"கடைசில அவ வீட்டுக்கு லெட்டர் எழுதுறாள்ல டீச்சர், அதைத்தான் பாக்குறேன். எனக்கும் ஒரு மாமன் இருக்காக. நல்லவகதான். ஆனா எனக்கு வேண்டாம். இங்க தபால்ல பி.காம் முடிக்கணும். அய்யாட்ட நேர்ல சொன்னா அழுதுருவேன். அதான் எப்படி எழுதுறதுன்னு பழகுறேன். நாலு தாளு கிழிச்சாச்சு."

"அப்பாவுக்கு எழுதி முடிச்சதும் காட்டு, எழுத்துப்பிழை பார்க்கிறேன்."

"அய்ய, அது எங்க அய்யாவுக்கு. உங்களுக்கு எதுக்கு?"

சரிதான் என்று சிரித்தேன்.

ஜூன் 21, புதன்

பதிவேடு மேசையில் இல்லை. எச்.ஆர். ஃபைலுக்கு வாங்கிப்போனாராம். வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

இன்று பத்து மணிக்கு அறையைத் திறந்தால் யாரும் வரவில்லை. திருப்பித் தருகிற பெட்டியில் சிவப்புப் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. பாதி படித்ததற்கு மடித்த முனை அப்படியே இருந்தது. பதினொன்றரைக்கு லீலாவதி மட்டும் வந்தாள். கதவை ஒட்டியே நின்றாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாதா? வியாழக்கிழமை எச்.ஆர். சார் ரெஜிஸ்டர போட்டோ எடுத்தாரு. செவப்புப் புள்ளி இருந்த பதினோரு பேர் வீட்டுக்கும் வார்டனம்மா போன் போட்டாங்க. உங்க பொண்ணு என்ன மாதிரி புத்தகம் படிக்கிறான்னு தெரியுமா, பார்த்துக்கங்கன்னு."

"என்ன புத்தகம்னு சொன்னாங்களா?"

"அது சொல்லல. செவப்புன்னு சொன்னாங்க."

தவமணியின் அப்பா நேற்று மத்தியானம் வந்து பெட்டியோடு அழைத்துப் போய்விட்டாராம். ஆடி பிறப்பதற்குள் மாமனுக்கு முடித்துவிடப் போகிறார்களாம். அவள் கட்டிலில் கிடந்த புத்தகத்தை லீலாவதி என்னிடம் நீட்டினாள். உள்ளே கடிதத் தாள் எதுவும் இல்லை. முதுகில் சிவப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

வார்டனைக் கேட்டேன். "எனக்கென்ன டீச்சர் தெரியும், சார் சொன்னாரு, நம்பரைப் போட்டேன்" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

பிள்ளையைக் கண்காணிக்க வேண்டுமென்றால் இந்த மில்லில் வழியா இல்லை? வாசலில் கேமரா, போனுக்கு நேரக் கட்டுப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போனால் கூடவே ஒரு ஆள். எஞ்சியிருந்தது தலைக்குள் இருக்கும் இடம் ஒன்றுதான். அதற்கும் ஆள் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 26, திங்கள்

என் நாள் இல்லை என்றாலும் போனேன். சேகரன் பியூனிடம் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

"ஏன் சார் போன் பண்ணினீங்க?"

"பேரன்ட்ஸுக்கு இன்ஃபார்ம் பண்றது நம்ம கடமை மேடம். நான் யாரையும் தப்பா ஒரு வார்த்தை பேசல."

"அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சீங்களா?"

"நான் ஒண்ணுமே படிச்சதில்ல மேடம். நீங்கதானே படிச்சு சிவப்புன்னு போட்டீங்க? உங்க கையெழுத்து. நீங்க முப்பது வருஷ சர்வீஸ். உங்கள நம்பாம யார நம்புறது?"

"அது புத்தகத்துக்குப் போட்ட நிறம். படிக்கிறவளுக்குப் போட்டதில்ல."

அவர் பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். "அப்படின்னா இந்தக் கட்டம் எதுக்கு மேடம்? புத்தகத்துலதான் கலர் ஒட்டியாச்சே. பேருக்கு நேரா மறுபடி புள்ளி எதுக்கு வச்சீங்க?"

இப்படிப்பட்டவரிடம் பேசிப் பயனில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸில் உட்கார இடமில்லை. வந்து தோசை ஊற்றினேன், மூன்றும் கருகின. நான்காவதை ஊற்றவில்லை.

ஜூன் 28, புதன்

மில்லுக்குப் போகவில்லை.

அந்தக் கட்டம் எதற்கு? அழகுக்கு. வேறு பதில் இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். பள்ளியில் யார் எந்தப் புத்தகத்தை எத்தனை முறை எடுத்தார்கள், யார் திருட்டுத்தனமாக எதைப் படித்தார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி இருந்தது. அதைக் கரிசனம் என்று நினைத்திருந்தேன். கரிசனமும் இருந்தது. எச்.ஆர். என் பதிவேட்டைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. அது எதற்காகக் கோடு போடப்பட்டதோ அதற்காகத்தான் பயன்படுத்தினார்.

அவர் மேல் கோபம் குறையவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 1, சனி

பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டு எண்கள் இருந்தன. தவமணியின் அப்பா இருளாண்டியைக் கூப்பிட்டேன். விறகை மண்ணால் மூடிப் புகையவிட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவர். பின்னால் யாரோ விறகு வெட்டும் சத்தம் கேட்டது.

"நான் விடுதி நூலகத்து டீச்சர் ஞானசௌந்தரி பேசறேன்."

"செவப்புச் சீட்டு ஒட்டுனது நீங்கதானாத்தா?" என்றார்.

"ஆமா."

"குடுத்ததும் நீங்கதானா?"

"ஆமா."

"எனக்கு அதுதான் வெளங்கல. வெசம்னு நீங்களே சீட்டு எழுதி ஒட்டுனீக. பெறகு நீங்களே எம்புள்ளைக்கு ஊத்திக் குடுத்தீக. ஒண்ணு, அது வெசமா இருக்கக் கூடாது. இல்ல, நீங்க டீச்சரா இருக்கக் கூடாது. எது?"

வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் இதைவிடச் சரியாக என்னைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு. நாளைக்கே போகிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு மாறி, அருப்புக்கோட்டை வழியாகக் கமுதி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மதியம் ஆகிவிட்டது. புத்தகத்தில் சிவப்பை உரிக்காமலே எடுத்துப் போனேன். அவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஊருக்கு வெளியே, சீமைக்கருவேலங்காட்டு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வைக்கோலும் மண்ணும் பூசிய மேடு. எங்காவது வெடிப்பு விட்டுப் புகை கிளம்பினால் இருளாண்டி ஈர மண்ணை அள்ளி அப்புவார். காற்று உள்ளே போனால் எல்லாம் சாம்பலாகிவிடுமாம். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சாக்கை உதறிப் போட்டார்.

"திட்டுறதுன்னா திட்டுங்க, கேட்டுக்கிறேன்" என்றேன். "அதுக்கு முன்னால இதைப் படிக்கிறேன். கேட்டுட்டுத் திட்டுங்க."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும். நடுவுல ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினா, எனக்கு வசதியானதா எடுத்துட்டேன்னு நீங்க சொல்லலாம்."

நூற்றுப் பத்துப் பக்கம். மூன்று மணி நேரம் ஆயிற்று. புகையில் தொண்டை கரகரத்தது. அவர் மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே கேட்டார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், கனகுவின் அண்ணன் கறவை மாட்டை விற்கிற இடத்தில் நின்றுவிட்டார். "பாலு குடுக்குற மாட்டையா விப்பான்? கூறுகெட்ட பய." கனகு பேச வாயெடுக்கும்போது அவள் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார். அப்போதும் இருளாண்டி சும்மா இருக்கவில்லை. "மக வந்து நிக்கிறா, இந்தாளுக்கு இப்பத்தான் மாடு நெனப்பு வருதா?" சொல்லிவிட்டு, கையிலிருந்த மண்ணைப் பார்த்தபடி நின்றார். நான் நிறுத்தாமல் படித்தேன்.

கடைசியில் கனகுவின் கடிதம். நான் ஓடிப்போகவில்லை அப்பா, எங்கே இருக்கிறேன் என்று கீழே முகவரி எழுதியிருக்கிறேன் என்று தொடங்கும். படித்து முடித்தேன்.

அவர் புத்தகத்தை வாங்கி, அந்தச் சிவப்பைக் கட்டை விரலால் தடவினார். விரல் கரி அதில் அப்பியது. "இதுல எதுக்குச் செவப்பு?"

கனகு பையோடு பஸ் ஏறும் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"போன்ல அந்தம்மா சொன்னப்ப, ஏதோ அசிங்கமான படம் போட்ட புஸ்தகம்னு நெனச்சேன். ஒரு வாரமா மக மொகத்தப் பாக்கலாத்தா நான். சோறு போட்டா, குனிஞ்சுக்கிட்டே திங்கிறேன்."

தவமணி தண்ணீர்க் குடத்தோடு எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு ஒரு சொம்பு நீட்டினாள். அவள் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. எழுதும்போதுதான் தெரிகிறது.

"எதுக்கு டீச்சர் வந்தீக?"

"உங்கப்பாவுக்கு…"

"அஞ்சாவது தாள்ல நல்லா எழுதியிருந்தேன். இன்னும் ரெண்டு வரி பாக்கி. அதுக்குள்ள நான் சொல்ல வேண்டியத உங்க செவப்பு போய்ச் சொல்லிருச்சு, தப்புத்தப்பா. இப்ப நீங்க வந்து சொல்றீக, சரியா. நான் எப்பத்தான் சொல்றது?"

அழுதுவிடுவேன் என்றவள் அழவில்லை. பஸ் பலகை உதாரணம் இதற்கு உதவாது.

இருளாண்டி மண் கையைச் சாக்கில் துடைத்தார். "இப்பச் சொல்லு. நான் எங்கயும் போகல."

"டீச்சர் இருக்காக."

நான் எழுந்தேன். குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். அரை மணி நேரம் ஆட்டோ வரவில்லை. புகைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் நிற்பது தெரிந்தது. சத்தம் கேட்கிற தூரம்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காற்று என் பக்கம் வீசியபோது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

புத்தகம் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 5, புதன்

மில்லில் மற்ற இருபத்தொன்றிலும் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துச் சிவப்பை உரித்தேன். மஞ்சளும் பச்சையும்கூட. உள்ளே எழுதிய வரிகளை அப்படியே விட்டேன். அவை புத்தகத்தைத் திறந்தவளுக்கு மட்டும் தெரியும், அவளைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாது.

சேகரன் வந்தார். "இது கம்பெனி சொத்து மேடம்."

"சீட்டு நான் வாங்கினது. ஒட்டினது நான். உரிக்கிறதும் நான்."

இனிப் பெயர் எழுத மாட்டேன், வெளியே போன புத்தகத்துக்கு ஒரு கோடு, திரும்பி வந்தால் அதன் மேல் ஒரு குறுக்குக்கோடு, அவ்வளவுதான் என்றேன். அப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். சாவியை மேசைமேல் வைத்தேன். எண்ணெய்க் கை பட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. நான் குனியவில்லை. அவர்தான் எடுத்தார்.

அந்த அறையை அவர்கள் பூட்டிவிடலாம். இதற்குப் பயந்துதான் முதல் நாள் தலையாட்டினேன். தலையாட்டியும் அதுதான் நடந்தது. கோபமாக வருகிறது. இந்தக் கோபத்தில் பாதி ஜூன் நான்காம் தேதியே வந்திருக்க வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

லீலாவதி பேசினாள். மாமன் வீட்டுக்கு ஆள் போய், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியே நிற்குமா, ஆவணியில் மறுபடி ஆரம்பிப்பார்களா தெரியாது. மில் தவமணியைத் திருப்பி எடுக்கவில்லை. பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கேட்டிருக்கிறாளாம். பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாளாம். அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று லீலாவதிக்குத் தெரிந்திருந்தது, சொல்ல ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன்.

மற்ற பத்துப் பேரில் இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவர்கள் எண்களும் என்னிடம் இருக்கின்றன. நாளை ஒருத்தி வீட்டுக்கு, நத்தம் பக்கம். அவள் எடுத்தது எந்தப் புத்தகம் என்று எனக்கு நினைவிருக்கிறது. போகட்டுமா என்று முதலில் அவளிடம் கேட்பேன்.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் படிக்கும் புத்தகம் உங்களுக்குப் பயம் தந்தால், அவர் சம்மதத்தோடு அதை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்.